சாபி சாண்ட் சிங்கக் கூட்டங்கள்: ஏழு வாரங்களாகக் காணப்படாத ஆண் சிங்கங்களை எப்படிக் குறிப்பது?

கேள்வி
எழுதியவர்: கானுலா

அனைவருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்காவின் சாபி சாண்ட் காப்பகத்தில் வாழும் சிங்கக் கூட்டங்களைப் பற்றி நான்கு ஆண்டுகளாகக் குறிப்பெடுத்து வருகிறேன். இரண்டு முறை நேரில் சென்று மொத்தம் 11 நாள்கள் அங்கே தங்கியிருக்கிறேன். மற்றக் காலங்களில், அங்குள்ள தங்குவிடுதிகளின் வழிகாட்டிகள் எழுதும் குறிப்புகளையும் வெளியிடும் படங்களையும் தேதிவாரியாக ஓர் அட்டவணையில் சேர்த்து, எந்தக் கூட்டம் எப்போது எந்தப் பகுதியில் காணப்பட்டது, அதனுடன் எந்த ஆண் சிங்கங்கள் இருந்தன, குட்டிகள் எத்தனை என்று எழுதி வைக்கிறேன். தொடக்கத்தில் எளிதாகத் தோன்றிய இந்த வேலை இப்போது மூன்று இடங்களில் முட்டி நிற்கிறது.

முதலாவது எண்ணிக்கை. நான் தொடர்ந்து கவனிக்கும் கூட்டம் ஒரு வாரத்தில் 11 சிங்கங்கள் என்றும், அடுத்த வாரத்தில் 6 என்றும், அதற்கடுத்த வாரத்தில் 9 என்றும் பதிவாகியிருக்கிறது. இவற்றுள் எதைக் கூட்டத்தின் அளவாகக் கொள்வது என்று தெரியவில்லை. இரண்டாவது, அந்தக் கூட்டத்தை ஆண்டுவந்த மூன்று ஆண் சிங்கங்களில் இரண்டை ஏழு வாரங்களாக எவரும் பார்த்ததாக எழுதவில்லை. அதே காலத்தில் கிழக்கிலிருந்து நான்கு இளம் ஆண்கள் உள்ளே வந்து இரவில் கர்ஜிப்பதாகக் குறிப்புகள் சொல்கின்றன. பழைய இரண்டும் இறந்துவிட்டன என்று நான் எழுதலாமா? மூன்றாவது, புதிதாக வந்த நான்கையும் எல்லோரும் சகோதரர்கள் என்றே குறிப்பிடுகிறார்கள். அதற்கு என்ன ஆதாரம் வேண்டும்?

இரண்டாம் பயணத்தில் ஓர் அதிகாலை, பெண் சிங்கம் ஒன்று மெல்லிய குரலில் அழைத்துக்கொண்டே புதருக்குப் புதர் நடந்ததைப் பார்த்தேன். முந்தைய வாரம் வரை அதனுடன் மூன்று குட்டிகள் இருந்தன என்று எங்கள் வழிகாட்டி சொன்னார். ஒரு மணி நேரத்துக்கும் மேலாக அது அழைத்தது. எந்தக் குட்டியும் வரவில்லை. அந்தக் குட்டிகளுக்கு என்ன நேர்ந்தது என்று எந்தக் குறிப்பிலும் ஒரு வரிகூட இல்லை. அதனால்தான் என் பதிவு சரியாக இருக்க வேண்டும் என்று இவ்வளவு கவலைப்படுகிறேன். அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மறுமொழி 1
எழுதியவர்: முல்லைநிலம்

கானுலா அவர்களுக்கு வணக்கம். எண்ணிக்கை ஏறி இறங்குவதை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனெனில் அதில் பிழை எதுவும் இல்லை. சிங்கக் கூட்டம் ஆட்டுமந்தையைப் போல் எப்போதும் ஒன்றாகத் திரிவதன்று. ஒரே கூட்டத்துப் பெண் சிங்கங்கள் இரண்டும் மூன்றுமாகப் பிரிந்து, பல நாள்கள் தனித்தனியே வேட்டையாடிவிட்டு, பெரிய இரை விழுந்த இடத்தில் மறுபடி கூடும். குட்டி ஈனும் காலத்தில் தாய் தனியே ஒதுங்கி, ஏறத்தாழ ஆறு வாரம் வரை குட்டிகளைத் தன் கூட்டத்தின் கண்ணிலும் படாமல் மறைத்து வளர்க்கும். ஆகவே 6 என்பது கூட்டத்தின் அளவன்று. அன்று அந்த வண்டியின் முன் படுத்திருந்த சிங்கங்களின் அளவு மட்டுமே. உங்கள் அட்டவணையில் 'கூட்டத்தின் எண்ணிக்கை' என்ற கட்டத்தை எடுத்துவிட்டு, ஒவ்வொரு சிங்கத்துக்கும் தனி வரிசை கொடுங்கள். அன்று எந்தெந்தச் சிங்கம் அடையாளம் காணப்பட்டதோ அதை மட்டும் குறியுங்கள். சில மாதங்கள் சென்றபின் கூட்டத்தின் உருவம் அந்த வரிசைகளிலிருந்தே தெரியவரும்.

அடையாளம் காண்பதுதான் இதில் உயிர்நாடி. சிங்கத்தின் மேலுதட்டுப் பக்கத்தில் மீசைமயிர்கள் வரிசை வரிசையாக முளைத்திருக்கும். ஒவ்வொரு மயிரின் அடியிலும் ஒரு கரும்புள்ளி உண்டு. முழுமையாக அமைந்த வரிசைகளுக்கு மேலே, நிறைவுபெறாத இன்னொரு வரிசையில் சில புள்ளிகள் மட்டும் இருக்கும். அந்தச் சில புள்ளிகள் கீழ்வரிசைப் புள்ளிகளுக்கு நேர்மேலே இருக்கின்றனவா, இரண்டுக்கும் இடையே விழுகின்றனவா என்பது சிங்கத்துக்குச் சிங்கம் வேறுபடும். வாழ்நாள் முழுவதும் மாறாது. நைரோபி தேசியப் பூங்காவின் சிங்கங்களைக் கொண்டு பென்னிகுயிக், ருட்னாய் ஆகிய இருவரும் 1970-இல் இந்த முறையை விளக்கி எழுதினார்கள். ஜார்ஜ் ஷாலர் 1966-இல் தான்சானியாவின் செரெங்கெட்டியில் தொடங்கிய ஆய்வு, 1978 முதல் கிரெய்க் பேக்கர், ஆன் பியூசி ஆகியோரின் பொறுப்பில் தலைமுறை தலைமுறையாகச் சிங்கங்களைத் தொடர முடிந்ததற்கும் இந்தப் புள்ளிகள் பெருந்துணையாக இருந்தன.

இடக்கன்னத்துப் புள்ளிகளும் வலக்கன்னத்துப் புள்ளிகளும் ஒன்றாக இரா. ஒரு பக்கத்துப் படத்தை மட்டும் வைத்துக்கொண்டு, மறுபக்கம் தெரியும் இன்னொரு படத்தோடு ஒப்பிட்டால் எந்த முடிவுக்கும் வர இயலாது. முகம் பக்கவாட்டில் நேராகத் தெரிய வேண்டும். சற்றே திரும்பியிருந்தாலும் புள்ளிகளின் இடைவெளி மாறித் தோன்றும். தங்குவிடுதிகள் வெளியிடும் படங்களில் பெரும்பாலானவை சிங்கம் நேர்முகமாகப் பார்க்கும் அழகிய படங்களாகவே இருப்பது நம்மைப் போன்றவர்களுக்கு உண்மையான இடையூறு.

பிடரிமயிரையும் தழும்பையும் வைத்து அடையாளம் சொல்பவர்கள் பலர். அவை உதவும், ஆனால் துணைச்சான்றாக மட்டுமே. பிடரி வயதோடு அடர்ந்து கருக்கும். காயத்தாலும் நோயாலும் மெலியும். சண்டையில் விழுந்த காயம் ஆறும், மறுமாதமே புதிய காயம் விழும். காதுமடலில் கிழிந்த பிளவு, உடைந்த கோரைப்பல், வளைந்த வால்நுனி ஆகியவை நிலையானவை, ஆனால் அவையும் என்றோ ஒரு நாள் புதிதாக ஏற்பட்டவை. அதற்கு முந்தைய படங்களில் அவற்றைத் தேடினால் அதே சிங்கத்தை வேறொரு சிங்கம் என்று எண்ணிவிடுவோம். மூக்கின் நிறம் வயதைக் கணிக்க உதவும்: இளமையில் இளஞ்சிவப்பாக இருந்து, வயது ஏற ஏறக் கரும்புள்ளிகள் பரவி இருளும். இந்த வேகம் இடத்துக்கு இடம் வேறுபடுவதால், அதைக் கொண்டு மாதக் கணக்கில் வயது சொல்ல வேண்டாம்.

பெயர்களைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை. சாபி சாண்ட் ஒரே உரிமையாளரின் நிலமன்று. பல தனியார் நிலங்கள் வேலியின்றி இணைந்து உருவான, ஏறத்தாழ 65,000 ஹெக்டேர் பரப்புள்ள காப்பகம். ஒரு நிலத்தில் வழங்கும் பெயர் அடுத்த நிலத்தில் வழங்காது. சேர்ந்து எல்லை பிடிக்கும் ஆண்களின் குழுவைக் கூட்டணி என்பார்கள்; அங்கே பேர்பெற்ற மபோகோ கூட்டணியின் ஆறு ஆண் சிங்கங்களில் ஐந்து பிறந்த கூட்டத்தைச் சிலர் ஸ்பார்ட்டா கூட்டம் என்றும், வேறு சிலர் ஐர்ஃபீல்ட் கூட்டம் என்றும் எழுதியிருக்கிறார்கள். அந்தக் கூட்டணியின் மிஸ்டர் டீ என்ற சிங்கத்துக்குச் சாத்தான் என்றும் பெயர் உண்டு. இதை அறியாமல் பழைய பதிவுகளைச் சேர்ப்பவர், இல்லாத சிங்கங்களைக் காகிதத்தில் பிறப்பித்துவிடுவார். எனவே உங்கள் அட்டவணையில் முதலில் ஒரு குறியீட்டு எண் இருக்கட்டும். பெயர்கள் எத்தனை இருந்தாலும் அவற்றை அந்த எண்ணுக்கு எதிரே அடுக்கிவிடலாம்.

மறுமொழி 2
எழுதியவர்: தடம்நோக்கி

முல்லைநிலம் அவர்கள் சிங்கம் கண்ணுக்குத் தெரிந்த பின் செய்ய வேண்டியதைச் சொல்லிவிட்டார். அது கண்ணுக்குத் தெரிவதற்கு முன் நடக்கும் வேலையைப் பற்றி நான் எழுதுகிறேன், ஏனெனில் கானுலா படிக்கும் ஒவ்வொரு குறிப்புக்கும் பின்னால் அந்த வேலை இருக்கிறது. ஷங்கான் இனத்தைச் சேர்ந்த தடங்காண்போர் இருவருடன் ஒரு பருவம் முழுவதும் வண்டியின் பின்னிருக்கையில் இருந்து கற்றுக்கொண்டவற்றையே சொல்கிறேன்.

நாள் தொடங்குவது காதில். விடியலுக்கு முந்தைய குளிர்ந்த, காற்றில்லாத நேரத்தில் சிங்கத்தின் கர்ஜனை 8 கிலோமீட்டர் வரை கேட்கக்கூடும். எந்தத் திசையிலிருந்து வந்தது, எத்தனை குரல்கள், ஒன்றுக்கொன்று மறுமொழியாக வந்தனவா, குரல் நகர்ந்ததா என்று மனத்தில் வாங்கிக்கொள்வார்கள். இரண்டு வேறு முகாம்களில் கேட்டவர்கள் தாங்கள் கேட்ட திசைகளை ஒப்பிட்டால், அந்தக் கோடுகள் வெட்டும் இடத்திலிருந்து தேடலைத் தொடங்கலாம்.

பிறகு மண்சாலைகள். சிங்கங்கள் மென்மையான மணற்சாலையில் நடப்பதை விரும்புவதால், அங்கேதான் முதல் தடம் கிடைக்கும். உள்ளங்காலின் பின்விளிம்பில் மூன்று மடிப்புகள் இருக்கும். நகங்கள் உள்ளிழுக்கப்பட்டிருப்பதால் நகக்குறி விழாது. கழுதைப்புலியின் தடத்தில் நகக்குறி தெளிவாக விழும். சிங்கத்தின் முன்கால் தடம் பின்கால் தடத்தைவிடப் பெரியது. வளர்ந்த ஆணின் முன்கால் தடம் பெண்ணினுடையதைவிட அகன்று வட்டமாகத் தெரியும். தடம் எவ்வளவு பழையது என்பதுதான் கடினமான கேள்வி. தடத்தின் விளிம்பு கூர்மையாக நிற்கிறதா, காற்றில் உதிர்ந்திருக்கிறதா? தடத்தின் மேல் பனித்துளி விழுந்த சிறு குழிகள் உள்ளனவா, அல்லது பனியில் நனைந்த மண்ணை அந்தப் பாதம் உடைத்துச் சென்றிருக்கிறதா? இரவில் ஊரும் பூச்சிகளின் கோடு தடத்துக்கு மேலே ஓடுகிறதா, தடத்தின் கீழே அறுபட்டிருக்கிறதா? எனக்கு ஒரு பருவத்தில் புலப்பட்டது இவ்வளவுதான். அவர்களோ ஓடும் வண்டியிலிருந்தே கையை உயர்த்தி நிறுத்தச் சொல்வார்கள்.

நடை சொல்வதும் உண்டு. எல்லையைச் சுற்றிவரும் ஆண்களின் தடம் சாலையோடு நெடுந்தொலைவு நேராகச் செல்லும்; ஆங்காங்கே பின்கால்களால் மண்ணைக் கீறிச் சிறுநீர் கழித்த இடம் இருக்கும். வேட்டைக்குச் செல்லும் பெண்களின் தடங்கள் விரிந்து, சாலையை விட்டு இறங்கி, மீண்டும் சேரும். தடம் புல்லில் மறைந்தால் குரங்கின் எச்சரிக்கைக் குரலும், குடு மானின் குரைப்பும், ஒரே திசையை வெறித்து நிற்கும் இம்பாலா மான்களும், தாழ இறங்கும் பிணந்தின்னிக் கழுகுகளும் வழிகாட்டும். ரேடியோ கழுத்துப்பட்டையும் ஜிபிஎஸ் பட்டையும் ஆய்வாளர்களுக்கு மிகவும் பயன்படுகின்றன, ஆனால் எல்லாச் சிங்கங்களுக்கும் பட்டை கட்டுவதில்லை; கழுத்து வளர்ந்துகொண்டிருக்கும் இளம் ஆணுக்குக் கட்டுவது ஆபத்தும் ஆகும்.

இதையெல்லாம் சொல்வதற்குக் காரணம் உண்டு. தடம் பக்கத்து நிலத்தின் எல்லையைக் கடந்துவிட்டால், அங்கே செல்ல உரிமை இல்லாத வண்டி அதே இடத்தில் நின்றுவிடும். அன்றைய குறிப்பில் 'சிங்கம் காணப்படவில்லை' என்று எழுதப்படும். ஆனால் நான்கு ஆண்களின் புதிய தடம் வடக்கே கடந்தது என்பதும் ஒரு செய்திதான். வழிகாட்டிகளுக்கு எழுதிக் கேட்கும்போது, பார்த்தீர்களா என்று மட்டும் கேட்காமல், தடமோ குரலோ கிடைத்ததா என்றும் கேளுங்கள்.

மறுமொழி 3
எழுதியவர்: கானுலா

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்றிரவு என் அட்டவணை முழுவதையும் சிங்கத்துக்கு ஒரு வரிசை என்று மாற்றத் தொடங்கினேன். 11 சிங்கங்களில் 7 சிங்கங்களுக்கு மட்டுமே புள்ளிகள் தெரியும் படம் என்னிடம் இருக்கிறது. காணாமற்போன இரண்டு ஆண்களுக்கு இடப்பக்கம் மட்டுமே உண்டு. இரண்டாம் கேள்விக்கு இன்னும் விடை வேண்டும். ஏழு வாரம் என்பது நீண்ட காலமில்லையா?

மறுமொழி 4
எழுதியவர்: பாலைவழி

நீண்ட காலமன்று என்பதே என் உறுதியான கருத்து. சாபி சாண்டுக்கும் குரூகர் தேசியப் பூங்காவுக்கும் இடையே இருந்த வேலி 1993-இல் அகற்றப்பட்டது. ஏறத்தாழ 20,000 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அந்தப் பூங்கா கிழக்கே திறந்து கிடக்கிறது. அதற்குள் சென்ற சிங்கத்தை மாதக்கணக்கில் எந்த வண்டியும் பார்க்காமற்போகலாம். எனவே 'இறந்தது' என்ற சொல்லை உடல் கிடைத்தபோதோ, கொல்லப்படுவதை ஒருவர் நேரில் பார்த்தபோதோ மட்டும் எழுதுங்கள். மற்ற எல்லாவற்றுக்கும் 'கடைசியாகக் காணப்பட்ட நாள்' என்ற ஒரு கட்டம் போதும்.

ஜிம்பாப்வேயின் ஹுவாங்கே பூங்காவில் வாழ்ந்த சிசில் என்ற சிங்கம் 2015 ஜூலையில் பூங்காவுக்கு வெளியே வேட்டைக்காரரால் கொல்லப்பட்ட செய்தி பலருக்கு நினைவிருக்கும். அடுத்த சில வாரங்களுக்குள், அதன் கூட்டாளியான ஜெரிக்கோவும் சுட்டுக் கொல்லப்பட்டுவிட்டதாகச் செய்தி உலகெங்கும் பரவியது. ஜெரிக்கோவின் கழுத்தில் ஜிபிஎஸ் பட்டை இருந்ததால், அது உயிரோடு நடமாடுவதை ஆய்வாளர்கள் காட்ட முடிந்தது. அது 2016-இல்தான் இறந்தது. பட்டை இல்லாத சிங்கமாக இருந்திருந்தால் அந்தப் பொய்ச்செய்தியே வரலாறாக நின்றிருக்கும். அதே செய்திகளில் ஜெரிக்கோவைச் சிசிலின் உடன்பிறப்பு என்றும் எழுதினார்கள். அவை உறவற்ற இரண்டு ஆண்கள்.

உங்கள் மூன்றாம் கேள்விக்கும் இதுவே வழி. செரெங்கெட்டிச் சிங்கங்களின் மரபணுக்களை ஆராய்ந்து பேக்கர் குழுவினர் 1991-இல் வெளியிட்ட ஆய்வின்படி, நான்கும் அதற்கு மேலும் சேர்ந்த பெரிய கூட்டணிகள் உறவினர்களால் ஆனவை. இரண்டு மூன்று ஆண்கள் கொண்ட சிறு கூட்டணிகளிலோ உறவற்றவை சேர்வது இயல்பு. உங்கள் நான்கும் உறவினராக இருக்கவே வாய்ப்பு மிகுதி. ஆயினும், ஒரே கூட்டத்தில் ஒரே காலத்தில் பல தாய்கள் ஈன்ற குட்டிகள் ஒன்றாக வளர்வதால், அவை உடன்பிறந்தவையா, பெரியம்மா, சிற்றம்மா பிள்ளைகளா என்று பார்வையால் சொல்ல இயலாது. 2006 முதல் சாபி சாண்டின் பெரும்பகுதியை ஆண்ட மபோகோக்கள் ஆறில், மூத்ததான மகுலு வெளியிலிருந்து வந்து சேர்ந்தது என்றே பல பதிவுகள் கூறுகின்றன. 'ஒன்றாக வந்த நான்கு இளம் ஆண்கள்' என்று எழுதினால் எவரும் குறை சொல்ல முடியாது.

கூட்டணி பிரிவதும் சேர்வதும் உண்டு என்பதையும் மறக்க வேண்டாம். மபோகோக்களில் கிங்கி டெயிலும் மிஸ்டர் டீயும் மற்ற நான்கை விட்டுப் பிரிந்து தமக்கென்று ஓர் எல்லையைப் பிடித்தன. 2010-இல் மஜிங்கிலானே என்ற வேறொரு கூட்டணியின் ஆண்கள் கிங்கி டெயிலைக் கொன்றபின், தனித்துப்போன மிஸ்டர் டீ பழைய கூட்டாளிகளிடமே திரும்பியது. 2012-இல் செலாட்டி என்ற இன்னொரு கூட்டணியின் கையில் அது மடிந்தது. பிரிந்திருந்த காலத்தில் எவரேனும் அதை 'விலகியது' என்று முடித்து எழுதியிருந்தால், அதன் மீட்சியை வேறொரு சிங்கத்தின் வருகையாகப் பதிந்திருப்பார்.

ஆட்சி மாறிவிட்டதா என்பதை அறிய ஆண்களைவிடப் பெண்களையும் குட்டிகளையும் பார்ப்பதே எனக்கு நம்பகமான வழியாகத் தோன்றுகிறது. புதிய ஆண்கள் வென்றால் சிறு குட்டிகளைக் கொல்லும். வளர்ந்த குட்டிகளைத் துரத்தும். குட்டிகள் ஏறத்தாழ இரண்டு வயது வரை பெரியவற்றைச் சார்ந்திருக்கின்றன; ஓர் ஆண் கூட்டணியின் ஆட்சியோ பல இடங்களில் இரண்டு மூன்று ஆண்டுகளே நீடிக்கிறது. அதனால் ஒரு தலைமுறை பிழைப்பதற்குக் கிடைக்கும் இடைவெளி மிகக் குறுகியது. பாலூட்டிக்கொண்டிருந்த தாய் திடீரென்று புதிய ஆணுடன் இணைசேர்வதைக் கண்டால், அதன் குட்டிகள் இறந்துவிட்டன என்று பெரும்பாலும் கொள்ளலாம். மாறாக, ஒரு பெண் சிங்கம் தன் குட்டிகளையும் இளம் சிங்கங்களையும் அழைத்துக்கொண்டு கூட்டத்தின் வழக்கமான பகுதியை விட்டு ஒதுங்கித் திரிந்தால், போர் இன்னும் முடியவில்லை. நீங்கள் அந்த விடியலில் கண்ட தாயின் குட்டிகளுக்கு என்ன நேர்ந்தது என்று எந்தக் குறிப்பிலும் இல்லை என்று எழுதியிருந்தீர்கள். அந்தத் தாயின் அழைப்பைத் தேதியோடும் இடத்தோடும் உங்கள் அட்டவணையில் கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த மாதத்தில் நடந்தவற்றை அடுக்கும்போது அது முதன்மையான சான்றாக அமையும்.

ஓர் எச்சரிக்கை மட்டும். இணைசேர்ந்த நாளிலிருந்து 110 நாளை எண்ணிப் பிறப்பை எதிர்பார்க்க வேண்டாம். ஆட்சி மாறிய பின் சில மாதங்களுக்குப் பெண் சிங்கங்கள் அடிக்கடி இணைசேர்ந்தும் கருத்தரிப்பதில்லை என்பது செரெங்கெட்டியில் பேக்கரும் பியூசியும் கண்டது.

மறுமொழி 5
எழுதியவர்: முல்லைநிலம்

பாலைவழி அவர்கள் கூறியதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். குஜராத்தின் கிர் காட்டுச் சிங்கங்களைப் பற்றிப் படித்தவர்கள் அந்த அறிவை அப்படியே சாபி சாண்டுக்குக் கொண்டுபோவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். கிரில் ஆண்களும் பெண்களும் பெரும்பாலும் தனித்தனியே வாழ்கின்றன. இணைசேரவும் சில வேளை இரையிலும்தான் கூடுகின்றன. அங்கே ஒரு பெண் சிங்கம் தன் எல்லையோடு எல்லை கலந்த பல கூட்டணிகளுடன் இணைசேர்வதால், குட்டிகள் யாருடையவை என்ற ஐயம் ஆண்களுக்கு எழுந்து, குட்டிக்கொலை குறைகிறது என்று ஆய்வாளர்களான ஸ்தோத்ர சக்ரவர்த்தியும் ஜாலாவும் விளக்கியிருக்கிறார்கள். ஆகவே கிரில் இரண்டு கூட்டணிகளை ஒரே பெண்ணுடன் பார்த்தால் அது ஆட்சி மாற்றமன்று. சாபி சாண்டில் அதே காட்சி பெரும்பாலும் வேறு பொருள் தரும்.

மறுமொழி 6
எழுதியவர்: கானுலா

எல்லோருக்கும் நன்றி. 'இறந்தது' என்று எழுதியிருந்த ஐந்து இடங்களை மீண்டும் பார்த்தேன். உடல் கண்டதாகப் பதிவுள்ளது ஒன்றே; மற்ற நான்கையும் கடைசியாகக் காணப்பட்ட நாள் என்று மாற்றிவிட்டேன். 'சகோதரர்கள்' என்ற சொல்லையும் எடுத்துவிட்டேன். அந்த விடியலின் அழைப்பைத் தேதியோடு சேர்த்தபோது, அதற்கு ஒன்பது நாள்களுக்கு முன் நான்கு இளம் ஆண்களின் தடம் அதே ஆற்றங்கரையில் கிடைத்ததாக ஒரு வரி இருப்பதைக் கண்டேன். நான் முன்பு அந்த வரியைச் சேர்க்காமல் விட்டிருந்தேன், சிங்கம் பார்க்கப்படவில்லை என்பதால்.

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் காப்பகத்தின் கிழக்குப் பகுதிக்குச் சென்றவர்கள் எவரிடமேனும் வளர்ந்த ஆண் சிங்கங்களின் வலப்பக்க முகப்படம் இருந்தால், அழகாக இல்லாவிட்டாலும், சற்றே மங்கலாக இருந்தாலும், தயைகூர்ந்து அனுப்புங்கள். படத்துடன் பதிந்திருக்கும் இடக்குறிப்பை நீக்கிவிட்டு, எடுத்த நாளை மட்டும் எழுதினால் போதும்.